சத்தம் போடும் குழாய்

"சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் நல்லா கேக்கணும்" என்றார் வீட்டுக்காரர்.

தொட்டிக்காரி பென்சிலை நிறுத்தினாள். கடல் பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிகளை வீடுகளில் கட்டித் தருவது அவள் தொழில், அதனால் அந்தப் பெயர். இந்தப் பதினாறு வருஷத்தில் சத்தமே வரக் கூடாது என்று உயிரை வாங்கியவர்களைத்தான் பார்த்திருக்கிறாள்.

"சார், மேல் தொட்டியில வழியுற தண்ணி குழாய் வழியா கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கே சுத்தமானதும் மோட்டார் மறுபடி மேலே ஏத்தும். கல்லுப் பவளத்துக்கு அலை வந்து மோதணும், அதை உச்சியில வச்சுடலாம். மெத்துப் பவளம் ஓரமா இருக்கட்டும். எந்த மூலையிலயும் தண்ணி தேங்கக் கூடாது. இதுல சத்தம் எதுக்கு?"

"இறங்குற குழாய்ல காத்து புகுந்தா களகளன்னு கத்தும் இல்ல? கசியுதுன்னு போன மாசம் கழட்டினோமே, அந்தப் பழைய தொட்டி கத்துமே, அந்த மாதிரி. குழாயைச் சுவரோட ஒட்டி அடிங்க. நடுவுல ரப்பர் கிப்பர் வேணாம்."

"அந்தப் பக்கம் யார் சார்?"

"கூடப் பிறந்தவன் ஒருத்தன் இருக்கான். அவன் கட்டில் தலைமாடு இந்தச் சுவர்லதான்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரே வீடாக இருந்ததைப் பாகம் பிரித்து, நடுக்கூடத்தில் எழுப்பிய சுவர் அது. ஒன்பது வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று தெருவே சொல்லும். காலையில் அண்ணன்காரர் பக்கத்து வாசலில் நின்றிருந்தார். கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போய், காய்ச்சலில் எழுந்தவர் மாதிரி இருந்தார். தம்பியான இந்த வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்தார்.

பழி தீர்க்க இப்படியும் ஒரு வழியா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி சார்" என்றாள்.

சரி என்றாளே தவிர, வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரத்தில் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே ரப்பரை வைத்து முடுக்கினாள். வால்வைக் காற்று புகாத அளவுக்குத் திருகினாள். தண்ணீர் இறங்குவதே தெரியவில்லை. நீ ரொம்ப நல்லவள் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

"என்னம்மா, இங்கே ஒண்ணும் கேக்கலையே?"

"அந்தப் பக்கம்தான் சார் கேக்கும். போய்ப் பாருங்களேன்."

போக மாட்டார் என்று தெரிந்துதான் சொன்னாள். அவரும் போகவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம், கடையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பவளங்களை வாளியில் போட்டு எடுத்து வந்தாள். பக்கத்து வாசலிலிருந்து வீட்டுக்காரரின் அண்ணி கூப்பிட்டாள்.

"ஏம்மா, தொட்டி வேலைக்கு வந்தவங்கதானே? ஒரு நிமிஷம் உள்ளே வந்துட்டுப் போங்க."

அண்ணன்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் மிளகாயாகச் சிவந்திருந்தது.

"இவருக்கு ரெண்டு வருஷமா காதுக்குள்ள விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம்" என்றாள் அண்ணி. "பார்க்காத டாக்டர் இல்ல. பழைய தொட்டியில தண்ணி இறங்குற சத்தம் கேட்டா மட்டும் அது அமுங்கிடும், குழந்தை மாதிரி தூங்கிடுவார். போன மாசம் தொட்டியைக் கழட்டினாங்க, தூக்கமும் போச்சு. புதுசு வந்தா சரியாயிடும்னு நாளை எண்ணிக்கிட்டிருந்தோம். இது என்னடான்னா ஊமையா இருக்கு."

அந்த ரப்பரும் வால்வும் தொட்டிக்காரியின் கைவேலை.

"அவர்கிட்டயே ஒரு வார்த்தை சொல்லலாமே?"

"அவன்கிட்டயா?" அண்ணன்காரர் நிமிர்ந்தார். "நான் தூங்குறேன்னு தெரிஞ்சா வேணும்னே நிறுத்திடுவான். நீங்களா ஏதாவது செய்ய முடிஞ்சா செய்ங்கம்மா. அவன் காதுக்குப் போக வேணாம்."

அவள் விறுவிறுவென்று இந்தப் பக்கம் வந்தாள். ரப்பரைப் பிடுங்கிப் பையில் போட்டாள். வால்வைத் திறந்துவிட்டாள். காற்றை விழுங்கிக்கொண்டு குழாய் களகளவென்று கத்த ஆரம்பித்தது. கெட்ட எண்ணத்தில் இவர் கேட்டது அங்கே மருந்தாகப் போய் முடிகிறதே என்று நினைத்துக்கொண்டாள். நல்லவேளை, இவருக்குத் தெரியாது.

திரும்பினால் வீட்டுக்காரர் பின்னால் நிற்கிறார். வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னிக்குத்தான் சரியா அதிருது. மூணு நாளா எனக்கு உங்க வேலை மேல சந்தேகம்."

"ஏன் சார்?"

"குழாய் கத்துதுன்னு நீங்க சொல்றீங்க. அந்த ரூம்லயோ விடிய விடிய லைட்டு எரியுது."



"சார்... அவரோட காது விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"மருந்துக்கடையில சொன்னாங்க. தொட்டியை நிறுத்தினதுலேருந்து லைட்டும் அணையலையா, ரெண்டையும் சேர்த்துப் பார்த்தேன்."

"அப்போ இப்படிச் சுவர் வழியா எதுக்கு? வாசல் வழியாப் போய் ஒரு வார்த்தை விசாரிச்சா என்ன சார்?"

"ஐயோ, நீங்களும் மூச்சு விட்டுடாதீங்கம்மா" என்றார் அவர் அவசரமாக. "எங்க அண்ணனுக்கு ரோஷம் ஜாஸ்தி. அவருக்காகத்தான் இதுன்னு தெரிஞ்சா, அன்னிக்கே கட்டிலைத் தூக்கி எதிர்ச் சுவத்துப் பக்கம் போட்டுடுவாரு."