குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

"குக்கரை இறக்கு, குக்கரை இறக்கு! விசில் அடிச்சா தூக்கம் கலைஞ்சுரும்!"

மாமியார் சமையலறைக்குள் கிசுகிசுத்துக்கொண்டே ஓடி வந்தார். கிசுகிசுப்பிலேயே கத்த அவருக்கு வரும். ஒரு வருடப் பழக்கம்.

மருமகள் அடுப்பை அணைத்தாள். "இன்னும் வேகலை அத்தை."

"வேகாட்டி என்ன, அரைவேக்காடா தின்னா யாரும் செத்துர மாட்டோம். தூங்கறவங்களை எழுப்பக் கூடாதுன்னு கம்பெனிக்காரனே அச்சடிச்சு அனுப்பியிருக்கான். உனக்குத்தான் கண்ணுல படமாட்டேங்குது."

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளை விரலால் தட்டிக் காட்டினார். விமான நிறுவனம் தன் விமானிகள் எல்லோருடைய வீட்டுக்கும் அனுப்பிய தாள் அது. 'குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்' என்று தலைப்பு. பறப்பதற்கு முன் பன்னிரண்டு மணி நேரம் முழு ஓய்வு வேண்டும். அறை இருட்டாக, குளிர்ச்சியாக இருக்கட்டும். சத்தம் கூடாது. வீட்டு வேலை எதுவும் சொல்லாதீர்கள். நூற்று எண்பது பயணிகளின் உயிர் உங்கள் வீட்டுத் தூக்கத்தில் இருக்கிறது.

மாமியாருக்கு அது தலைகீழ்ப் பாடம். தாள் வந்த வாரமே படுக்கையறை ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் திரை வந்துவிட்டது. அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கியாயிற்று. மிக்ஸி கூடாது, அதனால் கையால் அரைக்க வேண்டும். வாஷிங் மெஷின் கூடாது, அதனால் கையால் துவைக்க வேண்டும். அந்த வீட்டு அமைதியின் பாரம் முழுக்க மருமகளின் முதுகில்தான் ஏறியது.

மணி ஒன்றரை. விமானம் ஆறு மணிக்கு. கம்பெனி கார் நான்கு மணிக்கு வாசலில் வந்து நிற்கும்.

மருமகளுக்குக் கண் எரிந்தது. அவளும் வேலைக்குப் போகிறவள்தான். விடியற்காலை ஐந்து மணிக்குக் கணவன் கட்டிலில் விழுந்தபோது இவள் எழுந்தாள். அதற்குப் பிறகு உட்காரவே இல்லை.

"அத்தை, ஒரு அரை மணி படுத்துக்கட்டுமா?"

"எங்க படுப்பே? ரூம் கதவைத் திறந்தா கிறீச்சுங்கும். ஹால்ல என் அக்கா வந்து உக்காந்திருக்கா. வந்தவ முன்னாடி காலை நீட்டுவியா?"

சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்த அக்கா, அதாவது பெரியம்மா, ஹாலிலிருந்து குரல் கொடுத்தார். "என்னடி, காபி தூள் போட்டுட்டாங்களா, இல்லை இனிமேதான் செடி நடணுமா?"

"மெல்ல பேசுக்கா! பையன் இப்பத்தான் புரண்டு படுத்தான்."

"ஆமாமா, மறந்துட்டேன்." பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "ப்ளேன் ஓட்டுற வீடுன்னா சும்மாவா? எவ்வளவு அமைதி! ஏசி காத்து கதவிடுக்குல வந்து காலைத் தடவுது. எங்க வீட்டுல பகல்ல படுத்தா ஈ கூட விடாது."

"கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு வந்து படுத்தான்க்கா. பெத்த வயிறு பத்துது."

காபி போயிற்று. டம்ளர் கழுவியாயிற்று. மருமகள் சமையலறைத் தரையிலேயே சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். மூடிய கணமே மகள் பந்தோடு வந்து நின்றாள்.

"அம்மா, விளையாட வா."

"அம்மாவுக்குத் தூக்கம் வருதுடா செல்லம். பத்தே நிமிஷம்."

மகள் பந்தைத் தரையில் தட்டினாள். ஒரே தட்டு. மாமியார் பறந்து வந்தார்.

"அப்பா எழுந்துருவார்! இவளைக் கீழே கூட்டிட்டுப் போ. மூணரை வரைக்கும் மேலே வராதீங்க."

"அத்தை, நான் நிஜமாவே கொஞ்சம் கண்ணயரணும்."

"உனக்கென்ன, இன்னைக்குப் பகல் பூரா வீட்டுலதானே இருக்கே? வீட்டுல இருக்கறவளுக்கு என்னம்மா களைப்பு?"

கொளுத்துகிற வெயிலில் மருமகள் பந்தின் பின்னால் ஓடினாள். இரண்டு முறை பந்து அவள் கால் பக்கத்தில் கிடந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. "அம்மா, அதோ அங்க!" என்று மகள் கை நீட்டிச் சொன்ன பிறகுதான் குனிந்தாள்.

மூன்றரைக்கு மேலே வந்தாள். முகத்தில் தண்ணீரை அறைந்து கழுவிக்கொண்டு, உடை மாற்றக் குளியலறைக்குள் போனாள். நான்கு மணிக்கு வாசலில் ஹார்ன் அடித்தது.

"அடப்பாவி!" மாமியார் பால்கனிக்கு ஓடிக் கையை ஆட்டினார். "ஹார்ன் அடிக்காதேப்பா!"

படுக்கையறைக் கதவு கிறீச்சிட்டது. வயிற்றைச் சொறிந்தபடி மகன் வந்து நின்றான்.

"யாரும்மா அது, மனுஷனைத் தூங்க விடாம? விடிய விடிய மேட்ச் பார்த்துட்டு இப்பத்தான் கண்ணசந்தேன்."

டிரைவர் மாடியேறி வந்து வாசலில் விறைப்பாக நின்றார். குளியலறையிலிருந்து, தோளில் நான்கு தங்கப் பட்டை போட்ட வெள்ளைச் சட்டையில் வெளியே வந்த மருமகளைப் பார்த்து, "வணக்கம் கேப்டன். பையைக் குடுங்க மேடம்" என்றார்.

காரில் ஏறியதும் கைபேசியில் வழக்கமான படிவம் வந்தது. 'கடந்த பன்னிரண்டு மணி நேரத்தில் போதிய ஓய்வு கிடைத்ததா?'

'இல்லை' என்பதைத் தொட்டாள். காரணம் கேட்டு மூன்று கட்டங்கள் விரிந்தன: உடல்நலக் குறைவு, நீண்ட பயணம், தங்கும் விடுதி சரியில்லை.

கேப்டன் கண்ணாடியை இறக்கித் தன் வீட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மூன்றாவதைத் தொட்டாள்.