நாரை நின்ற இடம்

1987 மே மாதம். செம்பரம்பாக்கம் ஏரி வற்றிக் கிடக்கிறது. நடு ஏரியில் மிஞ்சிய தண்ணீரில் பறவைகளை எண்ணப் புறப்பட்ட எங்கள் பயணம் பாதியிலேயே நின்றுவிட்டது. என் கூட்டாளி பிரகாசம் இடுப்புவரை சேற்றில் புதைந்து நிற்கிறான். "நாரை நிக்கிற எடம் கெட்டியாத்தான் இருக்கும், தைரியமா போ" என்று சொன்னவன் நான். இருபது வருடமாகப் பறவை பார்க்கிறேன். நாரை இரண்டு கிலோகூட இருக்காது என்பது எனக்குத் தெரியாதா? குப்புறப் படுத்துத் துண்டை வீசுகிறேன். ஒரு முழம் குறைகிறது. முன்னால் நகர்ந்தால் என் முழங்கைக்குக் கீழும் மண் குழைகிறது. உச்சி வெயிலில் சேறு கண்ணைக் கூசவைக்கிறது. கரை ஒரு மைல் தள்ளி. ஆள் கூட்டிவர ஓடினால் இவன் தனியாக நிற்பான். கத்திப் பார்க்கிறேன், கரையில் போகிறவர்கள் யாரும் திரும்பவில்லை. பிரகாசம் பறவைக் கணக்கு நோட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறான். "நோட்டு நனையல அண்ணாத்தே. நூத்திப் பன்னெண்டு வரிக்கும் எழுதிகீறேன்." "அத்தத் தூக்கிப் போடுடா, ஆடாத!" சேறு இப்போது அவன் சட்டைப் பையிலுள்ள பேனாவைத் தொடுகிறது. எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த நாரை மெதுவாக நடந்து போகிறது. அதன் விரல்கூடப் புதையவில்லை.