சடைச்சிக் கரடியின் பல்குழி

சடைச்சிக் கரடியை ஒரு மாதமாகப் படுத்தி எடுத்த சொத்தைக் கடைவாய்ப்பல்லை மரங்கொத்தி வைத்தியன் கொண்டையன் ஒருவழியாகப் பிடுங்கி எறிந்தான்.

“இன்னைக்குப் பூரா வாயைக் கொப்புளிக்காதீங்க அக்கா. குழியைத் தொடவே கூடாது. நாளையிலிருந்து சாப்பிட்டதும், வெயில்ல வச்சுச் சூடேத்தின உப்புத்தண்ணியை வாயில வச்சு, தலையைச் சாய்ச்சு மெதுவா வெளியே விட்டுடுங்க. மத்தப் பல்லை வழக்கம்போலத் தேய்க்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பறந்தான்.

சடைச்சிக்கு இருப்பே கொள்ளவில்லை. பாறையில் உட்கார்ந்தாள், எழுந்தாள், கறையான் புற்றைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நாக்கு மட்டும் குழியை விட்டு நகரவில்லை. அங்கே கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. இந்த அழுக்கோடு ஒரு நாள் முழுக்க எப்படி இருப்பது? பொழுது சாய்வதற்குள் ஓடைக்கு ஓடி, கன்னம் இரண்டும் குலுங்கக் கொப்புளித்து, ஓங்கித் துப்பினாள். கருஞ்சிவப்பாக ஒரு கட்டி தண்ணீரோடு போயிற்று. அப்பாடா என்றிருந்தது.

மூன்றாம் நாள் காதுவரை வலி தெறித்தது. அவள் அலறிய சத்தம் கேட்டு வந்த கொண்டையன், வாய்க்குள் எட்டிப் பார்த்தான். குழியில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

“இங்கே உறைஞ்சிருந்த ரத்தம் எங்கேக்கா?”

“அந்த அழுக்கா? அன்னைக்கே துப்பிட்டேன் வைத்தியரே.”

“அதுதான் புண்ணை மூடிக் காத்துக்கிட்டு இருந்துச்சு.”

கொண்டையன் குழியைக் கழுவி, பச்சிலையைக் கசக்கி வைத்தான். “இனிமே கிளறாமச் சும்மா இருங்க. தானா ஆறிடும்.”

சடைச்சி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“சும்மா இருக்கிறதைத் தவிர வேற மருந்தே இல்லையா?”