கொழுந்தனுக்குப் போன கடிதம்

அரிசிப் பையைத் தோளில் சுமந்தபடி யசுநோரி வாசலில் நின்றதைப் பார்த்ததும் சிசுருவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

கணவரின் தம்பி. நீகாதாவில் நெல் விளைவிக்கிறவன். இந்த வீட்டுப் பக்கம் வந்து ஏழு வருடமாகிறது. இன்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறான் என்றால், கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது.

"வாடா வா! அரிசி விலை ஏறினதும் பெரிய மனுஷனாயிட்டே, அண்ணன் ஞாபகமெல்லாம் வருதாக்கும்!" என்று உள்ளேயிருந்து ஷிகேஹரு குரல் கொடுத்தார். டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நாடாளுமன்றத்தில் பட்ஜெட் விவாதம். அது வந்துவிட்டால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"கேட்டியாடா? இன்னிக்குப் பொறக்கிற குழந்தை தலையில ஒரு கோடி யென் கடன். இந்த லட்சணத்துல, அரசாங்கம் சோறு போடணும்னு கை நீட்டறவன் வேற. நாமெல்லாம் சீக்கிரம் போய்ச் சேர்ந்தா அதுவே நாட்டுக்குப் பெரிய உபகாரம்."

எந்த உபகாரத்தையும் இந்த மனிதர் வாங்கினதில்லை. முப்பது வருடம் கப்பல் பட்டறைகளில் ஒப்பந்தத்துக்கு வெல்டிங் செய்தார். பாதி வருடங்களுக்குப் பென்ஷன் சந்தா கட்டவில்லை. இப்போது வருகிற பென்ஷன் வாடகைக்கும் வாய்க்கும் சரியாகப் போகிறது, சிசுருவின் கண் மருந்துக்கு மட்டும் மிஞ்சுவதில்லை.

ஒரு மாதத்துக்கான சொட்டு மருந்தை மூன்று மாதம் வைத்துப் போட்டுக்கொண்டாள். போன இலையுதிர் காலத்தில் வலது கண் அணைந்துவிட்டது. இடது கண்ணையாவது காப்பாற்ற வேண்டுமானால் இந்த வசந்தத்துக்குள் அறுவை சிகிச்சை என்று டாக்டர் கெடு வைத்துவிட்டார்.

அந்தப் பயத்தில்தான் அவள் நகராட்சிக்குப் போனாள். அரசு உதவி கிடைத்துவிட்டால் வைத்தியத்துக்குக் காசு கேட்க மாட்டார்கள். கணவர் சம்மதிக்க வேண்டிய தாளில், கையெழுத்துக்குப் பதிலாக அவர் குத்தும் முத்திரையை இழுப்பறையிலிருந்து எடுத்துப்போய்த் தானே குத்தினாள். எல்லாம் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சாவகாசமாகச் சொன்னாள். உங்களைத் தாங்க முடியுமா என்று கேட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம் போகும், அது விதி.

யசுநோரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மண்டியிட்டு உட்கார்ந்தான். முகம் கடுகடுவென்றிருந்தது. சண்டை போடத்தான் வந்திருக்கிறான், அரிசி அதற்கு முன்பணம்.

அவருக்குத் தெரியாது, சொல்லிவிடாதே என்று ஜாடை காட்டியபடியே சிசுரு தேநீரை ஊற்றினாள். தேநீர் கோப்பைக்கு வெளியே தட்டில் ஓடியது.

யசுநோரி தட்டைப் பார்த்தான். அப்புறம் அவள் முகத்தை.

"அண்ணி, கண்ணுல என்ன?"

"வலது பக்கம் தெரியறதில்லப்பா. போன அக்டோபர்லேருந்து." தட்டில் ஓடிய தேநீரைத் துடைத்தாள். "இன்னொண்ணும் மங்கிட்டு வருது."

அவன் முகத்திலிருந்த கடுகடுப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பிறகு, அவள் கையெடுத்துத் தடுப்பதற்குள், சட்டைப் பையிலிருந்து நகராட்சி உறையை எடுத்து அண்ணனுக்கு முன்னால் வைத்தான்.

இனி அவர் கண்ணுக்கு சிசுரு யார்? முத்திரையைத் திருடியவள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற மனிதரின் பெண்டாட்டி, ஜன்னலில் கை நீட்டியவள்.

ஷிகேஹரு உறையைப் பார்த்தார். கோபப்படவில்லை. டிவியை அணைத்தார்.

"மறுபடியுமா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே. இந்தத் தடவை அண்ணி எழுதிக் குடுத்திருக்காங்க."

அவளுக்குப் புரியவில்லை. யசுநோரி அவள் பக்கம் திரும்பி, பாயில் நெற்றி படக் குனிந்தான். நிமிராமலே பேசினான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி, மழைக்காலத்துல, அண்ணன் உதவி கேட்டிருக்காருன்னு இதே மாதிரி ஒரு கடிதாசி வந்துது அண்ணி. நான்தான் போன் போட்டுக் கத்தினேன். ஊர்ல தலை காட்ட முடியாது, அப்பா பேரைக் கெடுக்காதேன்னு. அடுத்த நாள் காலையிலயே போய் வாபஸ் வாங்கிட்டாரு. இன்னிக்கும் அதைச் சொல்லத்தான் வந்தேன். என்னை மன்னிச்சிடுங்க."

ரெண்டு வருடம் முன்பு. அப்போது அவளுக்கு இரண்டு கண்ணும் நன்றாகவே தெரிந்தன.

கணவரைப் பார்த்தாள். அவர் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்ட வேண்டும் போல் வந்தது. எழுபத்தொரு வயதில் கத்தி அழ வேண்டும் போலவும் வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லலாம்னுதான் வாபஸ் வாங்கின அன்னிக்கு வீட்டுக்கு வந்தேன்" என்றார் ஷிகேஹரு.

அவ்வளவுதான் சொன்னார். மீதி அவளுக்கே நினைவு வந்துவிட்டது.

அன்று அவர் தன்னிடம் இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு போய், மழையில் தொப்பலாக நனைந்து திரும்பினார். ஏதோ வேலை கேட்டுப் போய்க் கிடைக்காமல் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தலையைத் துவட்டிவிட்டபடி அவரைத் தேற்றியவள் அவள்தான்.

"போகுது விடுங்க. எவ்வளவு கஷ்டத்துலயும் யார்கிட்டயும் போய் நிக்காத மனுஷன் நீங்க. அந்தப் பெருமை ஒண்ணு போதும் எனக்கு."