தையல் நூலின் நிறம்

அந்தக் கார் ஷோரூமில் அவருக்கு 'மறுபடி சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேராக இல்லை, முதுகுக்குப் பின்னால்தான்.

புதன்கிழமை பதினோரு மணியானால் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பார். மறுபடி ஒரு சின்ன மாத்தம் என்பார். அதைக் கேட்டாலே விற்பனையாளனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அது சாதாரணக் கார் இல்லை. மூன்று நொடியில் நூறைத் தொட்டுவிடும். வாங்க வருகிறவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிறம், சீட், சக்கரம் என்று எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அதோடு ஆர்டரைப் பூட்டித் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். பிறகு ஒரு பொத்தானைக்கூட மாற்ற முடியாது. பதினோரு மாதத்தில் கார் வந்து இறங்கும்.

மறுபடி சார் ஐந்து மாதமாகப் பூட்ட விடவில்லை.

முதலில் சீட்டுக்குக் கறுப்பு லெதர் என்றார். அடுத்த வாரம் பழுப்பு. சக்கரத்துக்குள் தெரியும் பிரேக் சிவப்பாக வேண்டாம், மஞ்சள் இருக்கட்டும் என்றார். பிறகு, சீட் பெல்ட்டும் மஞ்சளாக இருந்தால் கண்ணை உறுத்துமோ என்று ஒரு சந்தேகம். கார்பன் ஃபைபர் ஸ்டீயரிங் கையில் வழுக்குமா என்று இன்னொரு வாரம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் பேச்சு. கடைசியில் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று ஒரு லெதர் துண்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவருக்கு நாலு டைல்ஸ் கடை. அங்கே நிறம் நிறமாகக் காட்டி ஊரை அலைக்கழித்த மனுஷன், இங்கே வந்து நம் உயிரை வாங்குகிறார் என்று வரவேற்பில் இருக்கும் பெண் சிரிப்பாள். வீட்டம்மா தலையாட்டினால்தான் இவர் வாயைத் திறப்பார் போல என்றும் சொல்வாள்.

தொழிற்சாலையில் அவருடைய முறை ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் பூட்டாவிட்டால் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படி நடந்தால் உன் சீட்டு கிழிந்துவிடும் என்று மேனேஜர் விற்பனையாளனிடம் சொல்லிவிட்டார்.

வெள்ளி காலை அவன் சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டான். அந்த அம்மாவிடமே பேசி, இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு.

கதவைத் திறந்தவர் மறுபடி சார்தான். கசங்கிய பனியன், இரண்டு நாள் தாடி. விற்பனையாளனுக்கு ஆளை அடையாளம் தெரியவே ஒரு நொடி ஆயிற்று. பெட்டியைப் பார்த்ததும் அவர் கதவைப் பாதி சாத்திவிட்டு வெளியே வந்தார்.

"வீட்டுலன்னு நான் சொல்றது என் பையன, தம்பி. அவங்கம்மா போய் ரொம்ப வருஷமாச்சு. இருபது வயசு அவனுக்கு. எலும்புல வந்த வியாதி. இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க."

விற்பனையாளன் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தான்.

"மூணு மாசம் தாண்டினா பெரிசு. பூட்டிட்டா கார் வர்ற தேதியச் சொல்லணும். சொன்னா அவன் கணக்குப் போட மாட்டானா? அடுத்த வாரம் என்ன கலர்னு யோசிச்சுக்கிட்டிருக்கற வரைக்கும் அவனுக்கு அடுத்த வாரம்னு ஒண்ணு இருக்கு. அதக் கெடுத்துடாதீங்க."

ஐந்து மாதம் இந்த மனுஷனைக் கிண்டல் செய்ததை நினைத்து விற்பனையாளனுக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் பையன் சாய்ந்திருந்தான். பெரிய கண்கள், மற்றதெல்லாம் போர்வைக்குள் இருக்கும் இடமே தெரியவில்லை. சுவரில் லெதர் துண்டுகளை வரிசையாக ஒட்டிவைத்திருந்தான். விற்பனையாளன் பெட்டியைத் திறந்து, சீட் லெதரின் தையல் நூலைப் பற்றி என்னமோ பேச ஆரம்பித்தான். அப்பா டீ போடப் போனார்.

சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்டதும் பையன் குரலைத் தாழ்த்தினான்.

"பூட்டத்தான வந்திருக்கீங்க? வேண்டாம்ணா."

"பூட்டினாத்தான் தம்பி கார் சீக்கிரம்..." என்று விற்பனையாளன் பொய்யை ஆரம்பித்தான்.

"பதினோரு மாசம். உங்க வெப்சைட்லயே போட்டிருக்கே. முதல் நாளே பாத்துட்டேன்."

விற்பனையாளன் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"எனக்குக் கார்ப் பைத்தியம்லாம் கிடையாதுண்ணா. ஓட்டவே தெரியாது. அப்பாதான் இந்தக் கட்டில விட்டு நகர மாட்டேங்கிறார். கடைக்குப் போறதில்ல, போன் வந்தா எடுக்கறதில்ல. உங்ககிட்ட வர்ற அன்னிக்கு மட்டும் ஷேவ் பண்றார், நல்ல சட்டை போடறார். திரும்பி வந்து நீங்க சொன்னது, அங்க இருக்கற அக்கா சிரிச்சது, எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்வார். நாலு மனுஷங்களப் பாத்துட்டு வரட்டும்னுதான் நான் மாத்திக்கிட்டே இருக்கேன்."

மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துத்தான் மிச்சத்தைச் சொன்னான்.

"நான் போனப்புறமும் அவருக்குப் போக ஒரு இடம் வேணும்ணா. ஏதாவது ஒண்ண முடிவு பண்ணாம விட்டு வைங்க."

அப்பா டீயோடு வந்தார். முடிவாகிவிட்டதா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கண் மட்டும் சாம்பிள் பெட்டி மேலேயே இருந்தது.

விற்பனையாளன் பெட்டியை மூடினான். தன் வேலை போய்விடுமே என்ற நினைப்பு ஒரு தடவை வந்தது. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டான்.

"எங்க சார், இந்த நூல் கலர்தான் இடிக்குது. இங்க வச்சுப் பாத்தா சரியா தெரியாது. நீங்க நேர்ல வந்தே ஆகணும். எத்தனை தடவை ஆனாலும் பரவாயில்ல."