தீராத பாட்டில்

இரத்தக்கொதிப்புக்காக உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். தணிகாசலம் சாலடுக்கு மாறினார். அதன்மேல் ஊற்றக் கடையில் பாட்டிலில் வாங்கிய டிரெஸ்ஸிங் குழம்பைத் தாராளமாக விட்டால்தான் சாலட் தொண்டையில் இறங்கியது. ஒருநாள் மனைவி குமுதவல்லி கண்ணாடி போட்டுக்கொண்டு பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தாள். "ஒரு கரண்டியில இவ்வளவு உப்பா? இதுக்கு ஊறுகாயே தேவலை." பிடுங்கிவிடுவாள் என்று பயந்தார். அவள் பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து பாட்டில் தீரவே இல்லை. அதில் உப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. எலுமிச்சையும் கெட்டித் தயிரும் மணந்தன. மாதங்கள் கழித்து, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளின் முதுகைப் பார்த்துச் சொன்னார்: "என்ன இருந்தாலும் கம்பெனிக்காரன் கைப்பக்குவமே தனி. மிளகு மட்டும் கொஞ்சம் தூக்கலாப் போட்டான்னா அமிர்தம்தான்." மறுநாள் கம்பெனிக்காரன் மிளகைத் தூக்கலாகவே போட்டிருந்தான்.