நாலாம் பாட்டில் குழல்

"நாலாம் பாட்டிலை வாற அந்தக் குழலை வெட்டி எறி, தம்பி. மற்றதெல்லாம் திறம்."

யசிந்தா சொன்னதைக் கேட்டு, வாயருகே கொண்டுபோன தேத்தண்ணியை றொட்னி குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். தாழ்வுபாடு என்ற அந்த மீனவக் கிராமத்தில் ஒரு டெத் மெட்டல் பாட்டுக்கு விமர்சனம் கிடைக்கும் என்று அவன் கனவிலும் நினைத்தவனல்ல. அதுவும் காலையிலிருந்து மாலைவரை மீன் கிழித்து, உப்புப் போட்டு, முற்றத்தில் காயவைக்கிற ஐம்பது வயதுப் பெண்ணிடமிருந்து.

"குழல்தானக்கா அந்தப் பாட்டின்ட உயிர். முதல் உறுமல், பிறகு குழல், பிறகு கூத்து மத்தளம், திரும்ப உறுமல். இதைத்தான் புறோகிறசிவ் எண்டு சொல்லுறது."

"என்னவோ. உன்ர உறுமலிலை ஒரு குறை சொல்லேலாது. ஆனா குழல் தொடங்கினா நான் அடுப்பை விட்டிட்டு முற்றத்துக்கு ஓடி வரவேண்டிக் கிடக்கு. ரெண்டே நிமிசத்திலை எல்லாம் கெட்டுப்போயிடும்."

அடுத்த பாட்டுக்கு மாற்றத்தான் ஓடி வருகிறாள் என்று றொட்னிக்கு விளங்கியது. இவ்வளவு கூர்ந்து கேட்கிற ரசிகையிடம் வாதாடக் கூடாது என்று தேத்தண்ணியைக் குடித்தான்.

'பாழ்கடல்' என்ற அந்தத் தொகுப்பில் ஏழு பாட்டு. மீன் பெட்டி அடுக்கிய வாடிக் கொட்டிலொன்றில் ஒரு வருசம் இருந்து, அவனும் எருக்கலம்பிட்டிப் பவ்ஸானும் செய்தது. கிற்றாரும் உறுமலும் றொட்னி. குழல் பவ்ஸான். முதல் தடவை ஸ்பீக்கரில் போட்டபோது பக்கத்து வீட்டு நாய் பேசாலைவரை ஓடிப்போய் மூன்றாம் நாள்தான் திரும்பியது என்று சொல்வார்கள். அது பொய். நாய் இரண்டாம் நாளே வந்துவிட்டது.

றொட்னியின் தாய் மாக்கிறட் அவனைக் கட்டாருக்கு வேலைக்கு அனுப்ப எல்லாம் செய்து முடித்திருந்தாள். கடவுச்சீட்டு ஏஜென்டிடம். திங்கட்கிழமை முடிவு சொல்ல வேண்டும்.

"ஊரிலை பத்து வீட்டிலை இந்தப் பாட்டைக் கேட்டா நீ போகத் தேவையில்லை. கேக்காட்டி, மறுகதை பேசாமல் பிளேன் ஏறவேணும்" என்று சொல்லியிருந்தாள். நன்றாக யோசித்துத்தான் பத்து என்றாள். ஒன்று என்று சொல்லியிருந்தாலே தான் வென்றுவிடுவாள் என்பது அவளுடைய கணக்கு.

இரண்டு மாதத்தில் நாற்பத்துமூன்று வீடுகளில் பாட்டை பென் டிரைவில் வாங்கிவிட்டார்கள்.

வாங்கியவர்கள் யாரும் அதை வீட்டுக்குள் பூட்டிவைத்துக் கேட்கவில்லை. கருவாடு காயும் முற்றத்தில் ஸ்பீக்கரை வைத்துத் தெருவுக்கே கேட்கவிட்டார்கள். வெயில் ஏற வைத்தால் இறங்கும்வரை ஓயாது. ஞாயிறு பூசைக்குக் குடும்பத்தோடு போகும்போதும் பாட்டை நிறுத்தாமல்தான் போனார்கள். மழை நாளில் மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. கலைக்கும் காலநிலைக்கும் ஒரு தொடர்பு உண்டு என்று றொட்னி பவ்ஸானுக்கு விளங்கப்படுத்தினான்.

குழல் விசயத்தில் மட்டும் ஊர் விட்டுக்கொடுக்கவில்லை. யசிந்தா சொன்னதையே அடுத்த தெரு லூசியாவும் சொன்னாள். கடைசியில் றொட்னி எருக்கலம்பிட்டிக்குச் சைக்கிளை மிதித்தான்.

"குழலை வெட்டச் சொல்லுறாங்கள், மச்சான்."

"ஆரு?"

"ஊர்."

பவ்ஸான் குழலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தான். "கொழும்பிலை ஒருத்தன் எழுதினவன், இதிலை மனிசன் கேக்கக்கூடிய இடம் குழல் மட்டும்தான் எண்டு."

"அவன் ஒருத்தன். இது நாப்பத்திமூண்டு வீடு. எங்கட சனம் எங்களைவிடக் கடும்போக்கடா. மெலடியே வேண்டாமாம்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"நீயும் உறுமு."

பவ்ஸான் குழலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். ஐந்து வருசம் பழகிய குழல். பிறகு உறுமினான். அதில் உண்மையான துக்கம் இருந்ததால் நன்றாகவே வந்தது.

புதிய நாலாம் பாட்டு ஓடிய அன்று யசிந்தா அடுப்படியை விட்டு எழும்பவேயில்லை. மறுநாள் ஒரு பை நிறையக் கட்டாக் கருவாடு அனுப்பினாள். ஒரு சேதமுமில்லாத, முழு மீன்கள். விருது வாங்கியவன்போல றொட்னி அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை தாய்க்கு முன்னால் நின்றே ஏஜென்டுக்கு அழைப்பு எடுத்தான்.

"நான் கட்டாருக்கு வரேல்லை அண்ணை. ஓம், யோசிச்சுத்தான் சொல்லுறன். எனக்கு இஞ்சை ரசிகர்கள் இருக்கினம்."

மாக்கிறட் கடவுச்சீட்டைத் திருப்பி வாங்கிவரச் சொன்னாள். பத்து என்று சொன்ன வாய் அவளுடையது.

அவன் போனை வைக்கவும் வாசல் படலையில் ஒரு ட்ராக்டர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. இறங்கியவர் ஒரு கமக்காரர். காலில் வயல் சேறு இன்னும் காயவில்லை.

"நான் நானாட்டானிலையிருந்து வாறன். பாட்டுப் போடுற தம்பி நீங்களோ?"

"ஓம் ஐயா. வாங்கோ, கதிரையிலை இருங்கோ. நானாட்டான் வரைக்கும் எங்கட பாட்டு வந்திட்டுதோ?" றொட்னி தாயைத் திரும்பிப் பார்த்தபடியே கேட்டான்.

"வராமலோ! இந்த வருசம் தாழ்வுபாட்டுக் கருவாட்டிலை ஒரு காகமும் வாய் வைக்கேல்லையாமே. குழல் ஊதேக்கை மட்டும்தான் திரும்பி வந்து இறங்கினதாம், அதையும் நீங்கள் திருத்திக் குடுத்திட்டீங்களாம்."

அவர் கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டார்.

"எங்கட வயலிலை காகம் இல்லைத் தம்பி, காட்டுப் பண்டி. பண்டிக்கு எத்தினையாம் பாட்டு நல்லது?"